இருநூறு மீட்டர் ஆழம், இரண்டாயிரம் மீட்டர் உயரம்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேரிங் கிராஸ் பக்கம் கையில் டீ கிளாஸோடு நிற்பவர்களின் மணிக்கட்டைக் கவனித்தால், கடலில் மூழ்குவதற்கென்றே செய்த டைவ் வாட்ச் ஒன்று எப்படியும் கண்ணில் படும். தடித்த ஸ்டீல் உடம்பு, கண்ணாடியைச் சுற்றிப் பல் வைத்த திருப்பு வளையம், இருட்டில் ஒளிரும் பருத்த முட்கள், டயலின் அடியில் பொடி எழுத்தில் 200 மீட்டர் என்று ஒரு குறிப்பு. கட்டியிருப்பவர் ஊட்டி ஏரியில் பெடல் போட் மிதித்ததைத் தவிர வேறு நீர்ச் சாகசம் எதுவும் செய்திருக்க மாட்டார்.

இதைக் கேலி செய்வது சுலபம். நான் அந்தக் கட்சியில் இல்லை. மலையில் இந்த வாட்சுக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது. ஆனால் அது வாங்கியவர் மனதில் நினைத்த வேலையாக இருக்காது. கடல் இந்த வாட்சை நீரின் அழுத்தத்தால் சோதிக்கிறது. நீலகிரி ஆவியால் சோதிக்கிறது. இரண்டில் எது கடினமான பரீட்சை என்று கேட்டால், வாட்ச் ரிப்பேர் கடைக்காரர்கள் ஆவியைத்தான் சொல்வார்கள்.

முதலில் அந்த 200-ஐப் பார்த்துவிடுவோம். தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் சுமார் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. 200 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 20 கிலோ எடை கூடுதலாக ஏறி உட்கார்ந்திருக்கும். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள வாட்ச் கண்ணாடியின் பரப்பு 7 சதுர சென்டிமீட்டர். அதன்மீது 140 கிலோ. கண்ணாடி ஏன் அவ்வளவு தடிமன், பின்மூடி ஏன் திருகி மூடும் வகை என்பதற்கெல்லாம் விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

டைவ் வாட்ச் என்று சொல்லிக்கொள்ள ஐ.எஸ்.ஓ. 6425 என்ற சர்வதேசத் தரம் உண்டு. 1982-ல் முதலில் வந்தது, 1996-லும் 2018-லும் திருத்தப்பட்டது. குறைந்தது 100 மீட்டர் ஆழம் தாங்க வேண்டும். எழுதியிருக்கும் ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். 200 என்று போட்டால் 250 மீட்டருக்கு உரிய அழுத்தம். கும்மிருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மணி தெரிய வேண்டும். முக்கியமானது இன்னொன்று: சாதாரண வாட்சுகளில் சில மாதிரிகளை எடுத்துச் சோதித்தால் போதும், டைவ் வாட்சில் வெளியே போகும் ஒவ்வொன்றும் சோதனையில் தேற வேண்டும். விலை வித்தியாசத்துக்கு நியாயமான காரணம் என்று நான் ஒப்புக்கொள்வது இதை மட்டும்தான்.

கடைகளில் ஒரு கதை சொல்வார்கள். 50 மீட்டர் என்று போட்டிருந்தாலும் நீச்சலடிக்கக் கூடாது, கையை வீசும்போது அழுத்தம் பல மடங்காகிவிடும் என்று. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது. தண்ணீரில் கை விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனால் (நல்ல நீச்சல்காரருக்கே அது அதிகம்), அதனால் கூடும் அழுத்தம் சுமார் ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்குச் சமம். அவ்வளவுதான். அப்படியிருந்தும் 30 மீட்டர் வாட்ச் வாளிக் குளியலிலேயே தண்ணீர் குடித்துவிடுகிறதே என்றால், குற்றவாளி வேகம் கிடையாது. சோப்பு, சூடு, வயசான ரப்பர் வாஷர். அந்த மூவரைப் பற்றிக் கொஞ்ச நேரத்தில்.

தண்ணீர் புகாத வாட்ச் என்ற எண்ணத்தை உலகத்துக்கு விற்றது ரோலெக்ஸின் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப். 1926-ல் ஆய்ஸ்டர் என்ற மூடி திருகும் வாட்ச் வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 7 அன்று மெர்சிடிஸ் க்ளைட்ஸ் என்ற இளம்பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அப்படிக் கடந்த முதல் பிரிட்டிஷ் பெண் அவர். சில நாளில் இன்னொருவர் தானும் கடந்ததாகப் பொய்க் கணக்குக் காட்டி மாட்டிக்கொள்ள, சந்தேகம் இவர் மீதும் விழுந்தது. அக்டோபர் 21 அன்று மறுபடி கடலில் இறங்கினார். இந்த முறை கழுத்தில் ஓர் ஆய்ஸ்டர் தொங்கியது. பத்து மணி நேரத்துக்கு மேல் குளிர்நீரில் போராடிய பிறகு அவரைப் படகில் தூக்கிவிட்டார்கள், கரை சேரவில்லை. வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாட்சைக் கட்டிக்கொண்டே கால்வாயைக் கடந்தார் என்று இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நவம்பர் 24-ம் தேதி டெய்லி மெயிலின் முதல் பக்கம் முழுக்க விலைக்கு வாங்கியவர் வில்ஸ்டார்ஃப். கதை யார் பக்கம் சாயும் என்று கேட்க வேண்டுமா?

திருப்பு வளையம் வைத்த, இன்று நாம் பார்க்கும் உருவம் 1953-ல் பிறந்தது. பிரெஞ்சுக் கடற்படையின் மூழ்கு வீரர்களுக்காக பிளாங்பெய்ன் செய்த ஃபிஃப்டி ஃபாதம்ஸும், ரோலெக்ஸின் சப்மரீனரும் ஒரே காலத்துப் பிள்ளைகள். ஐம்பது பாகம் என்றால் 91 மீட்டர். அன்றைக்கு மூச்சுக் காற்றுச் சிலிண்டரோடு மனிதன் போகத் துணிந்த எல்லை ஏறக்குறைய அதுதான்.

இதற்கு நேரெதிர் திசையில் யோசித்தவர்கள் நம்ம ஓசூர்க்காரர்கள். டைட்டன் 2002-ல் கொண்டுவந்த எட்ஜ் வாட்சின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். அதற்குள் 30 மீட்டர் நீர்த் தடுப்பையும் அடைத்தார்கள். டைவ் வாட்ச் செய்பவர் வாஷருக்கு வேண்டிய இடத்தைத் தாராளமாக ஒதுக்கலாம். எட்ஜில் ரப்பருக்கு ஒரு மயிரிழை இடம் தேடுவதே பெரிய வேலை. பொறியியலாகப் பார்த்தால் எனக்கு 300 மீட்டர் வாட்சைவிட இதுதான் பெரிய காரியமாகத் தெரிகிறது.

இப்போது மலைக்கு வருவோம். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம். அங்கிருந்து ஊட்டிக்குச் சாலை வழியே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். பர்லியாறு தாண்டும்போது காது அடைக்கிறதே, வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து காதுக்குள் இருக்கும் காற்று வெளியே முட்டுவதால். மேட்டுப்பாளையத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 975 மில்லிபார். ஊட்டியில் 780 பக்கம். ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விடுகிறது.

காது எச்சில் விழுங்கிச் சமாளித்துக்கொள்ளும். வாட்ச் என்ன செய்யும்? வாஷர் நன்றாக இருந்தால் ஒன்றும் ஆகாது. உள்ளே கீழ்நாட்டுக் காற்று, வெளியே மேல்நாட்டுக் காற்று. வித்தியாசம் இரண்டு மீட்டர் தண்ணீரின் அழுத்தம். டைவ் வாட்சுக்கு அது தூசு. வாஷர் தளர்ந்த வாட்சாக இருந்தால் கதை வேறு. மேலே ஏறும்போது உள்ளிருக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கை மெதுவாக வெளியே விடும். இறங்கும்போது அதே அளவு காற்றை உள்ளே இழுக்கும். மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ அது இழுக்கும் காற்று சூடானது, ஈரம் நிறைந்தது. அந்தக் காற்றைச் சுமந்துகொண்டு மறுநாள் மறுபடி குளிருக்கு ஏறுகிறது. வாரத்துக்கு இரண்டு முறை காய்கறி லாரியோடு மலை ஏறி இறங்கும் டிரைவரின் வாட்சும், எஸ்டேட்டை விட்டு நகராத தோட்ட மேற்பார்வையாளரின் வாட்சும் ஒரே நாளில் வாங்கியதாக இருந்தாலும் ஒரே மாதிரி வயதாவதில்லை.

எவ்வளவு ஈரம் உள்ளே போகிறது? மிகக் கொஞ்சம். டைவ் வாட்சுக்குள் காலியிடம் 2 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று அதை நிரப்பியிருந்தால், அதில் இருக்கும் நீராவி சுமார் 45 மைக்ரோகிராம். அதே வாட்ச் ஊட்டியில் ஜனவரி அதிகாலை 5 டிகிரிக்கு வரும்போது, அவ்வளவு ஆவியை அந்தக் காற்றால் பிடித்துவைக்க முடியாது. சுமார் 30 மைக்ரோகிராம் நீராகக் கண்ணாடியில் படியும். ஒரு சொட்டுத் தண்ணீர் 50,000 மைக்ரோகிராம். ஆக, சொட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாத ஈரம், மணி தெரியாமல் மறைத்துவிடுகிறது.

அது படியும் விதம் பார்க்கத் தக்கது. வாட்சின் முதுகு மணிக்கட்டின் சூட்டில் 30 டிகிரி பக்கம் இருக்கிறது. கண்ணாடி வெளிக்காற்றைப் பார்த்துக் குளிர்ந்து கிடக்கிறது. ஆவிக்கு எது குளிர்ந்த இடமோ அங்கேதான் போய் ஒட்டும். அதனால் டயல் காய்ந்திருக்க, கண்ணாடியின் உட்புறத்தில் பால் போன்ற ஒரு மங்கல் முதலில் நடுவில் தோன்றும். விளிம்பு ஸ்டீலை ஒட்டி இருப்பதால் அது மணிக்கட்டின் சூட்டில் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்கிறது, கடைசியில்தான் மங்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மங்கல் தனித்தனிப் பொடித் துளிகளாகப் பிரியும். உள்ளங்கையால் மூடி ஒரு நிமிடம் வைத்திருந்தால் நடுவிலிருந்து விலகி, கையை எடுத்ததும் திரும்ப வந்துவிடும். திரும்ப வந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். வெளிப்புற மங்கலாக இருந்தால் விரலால் துடைத்தாலே போய்விடும்.

சர்வதேசச் சோதனைக்கூடங்களும் செய்வது ஏறக்குறைய இதைத்தான். வாட்சை 40 முதல் 45 டிகிரி சூடுள்ள தட்டில் வைத்துச் சூடாக்குவார்கள். கண்ணாடி மீது அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரை ஒரு சொட்டு விடுவார்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டுப் பார்ப்பார்கள். உட்புறம் மங்கினால் அந்த வாட்ச் தோல்வி. வெப்ப அதிர்ச்சிச் சோதனை இன்னொன்று உண்டு: 40 டிகிரித் தண்ணீரிலிருந்து 5 டிகிரித் தண்ணீருக்கு, மறுபடி 40-க்கு, மாற்றும் இடைவெளி ஒரு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. குன்னூரில் ஜனவரி காலையில் வெந்நீரில் குளித்துவிட்டு வாட்சோடு வாசலுக்கு வருகிறவர் இந்தச் சோதனையைத் தினமும் இலவசமாக நடத்திக்கொண்டிருக்கிறார். தலைக்குந்தா பக்கம் நீர்ப்பனி உறைபனியாக மாறும் நாட்களில் 5 டிகிரி என்பது தாராளமான கணக்கு.

இத்தனையையும் தடுத்து நிறுத்துவது ஒரு ரப்பர் வளையம். ஸ்டீலும் கண்ணாடியும் விளம்பரத்துக்கு. காவல் காப்பது வாஷர்தான். பின்மூடிக்குக் கீழே ஒன்று, கண்ணாடியைச் சுற்றி ஒன்று, சாவி கொடுக்கிற திருகின் தண்டில் ஒன்றோ இரண்டோ. பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். திருகி மூடும் சாவியில் திருகுப் பள்ளங்கள் தண்ணீரைத் தடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பள்ளங்களின் வேலை வாஷரை அழுத்திப் பிடிப்பது, தடுப்பது வாஷர். அந்த ரப்பருக்கு என்ன ஆகும் என்பது சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். குக்கர் கேஸ்கெட் புதிதில் நெளியும், ஒரு வருடம் போனால் விறைத்து வடிவம் மாறி விசில் வராமல் பக்கவாட்டில் ஆவி விடும். வாட்ச் வாஷரும் அப்படியே அழுந்திய வடிவத்திலேயே உறைந்துவிடுகிறது. வியர்வை, சோப்பு, சூடு மூன்றும் அதற்கு எதிரி.

நீலகிரியில் ஒரு ரிப்பேர் கடையில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்.

"அண்ணே, உள்ள ஆவி புடிச்சிருக்கு. ஒரே ஒரு தடவ மழைல நனைஞ்சேன், அவ்ளோதான்."

"செல் எப்ப மாத்துனீங்க தம்பி?"

"போன தீபாவளிக்கு. கோயமுத்தூர்ல."

"வாஷர் மாத்துனாங்களா?"

தம்பிக்கு அது தெரியாது. கடைக்காரர் பின்மூடியைத் திறந்து, ஊசி முனையில் வாஷரைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடிப்பார். நல்ல வாஷரின் குறுக்குவெட்டு உருண்டையாக இருக்கும். இது ஒரு பக்கம் தட்டையாக, ரிப்பன் மாதிரி பளபளக்கும். நடுவே ஒரு நூல் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நூல் போதும். செல் மாற்றிய இடத்தில் பழைய வாஷரையே திரும்பப் போட்டு மூடியிருக்கிறார்கள், துடைத்த துணியின் இழையோடு சேர்த்து. மழை மீது பழி விழுந்தது. மழைத்துளி எவ்வளவு வேகமாக விழுந்தாலும் விநாடிக்கு 9 மீட்டரைத் தாண்டாது. அதன் மோதல் நான்கு மீட்டர் ஆழத்துக்கு மேல் கணக்கில் வராது. நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் 24 மணி நேரத்தில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியபோது வெளியே நின்ற நல்ல டைவ் வாட்சுக்கும் அது வெறும் நனைதல்தான்.

ஆவி பிடித்த வாட்சை அரிசி டப்பாவில் புதைப்பது நம் வீடுகளின் வைத்தியம். யோசித்துப் பாருங்கள். அரிசியிலேயே எடையில் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது. ஊட்டியின் மழைக்கால அடுப்படியில் இன்னும் கூடும். மூடிய வாட்சுக்குள் இருக்கும் ஆவி அரிசிக்கு வர வேண்டுமானால் வாஷரைத் தாண்டித்தான் வர வேண்டும். வாஷர் வழியாக அவ்வளவு சுலபமாக வெளியே வரும் என்றால், அதே வழியில் அடுத்த வாரம் உள்ளேயும் போகும். செய்ய வேண்டியது திறப்பது, உலர்த்துவது, புது வாஷரில் சிலிகான் கிரீஸ் தடவி மூடுவது. எங்கே மூடுகிறார்கள் என்பதும் முக்கியம். மூடும் அறையின் காற்றுதான் அடுத்த சில வருடம் உள்ளே இருக்கப் போகிறது. ஜூலையில் மூடுபனி கடைக்குள் நுழைந்து உலாவும் நாளில் வாட்சைத் திறக்காமல், பிப்ரவரியின் வறண்ட வெயிலுக்குக் காத்திருப்பது நல்லது. ரப்பர் நீராவியை முழுக்கத் தடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூலக்கூறு மூலக்கூறாக, மாதக்கணக்கில், புது வாஷர் வழியாகவும் ஆவி கசியும். நல்ல வாஷர் வாங்கித் தருவது காலத்தை.

மலையில் வாட்சுக்கு மிகக் கடுமையான இடம் எதுவென்றால் டீ ஃபேக்டரி. வாட்டிய கொழுந்தை நசுக்கி எடுத்தபின் பரப்பி வைக்கும் நொதித்தல் அறையில் ஈரப்பதத்தை வேண்டுமென்றே 90 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பார்கள். பக்கத்துக் கூடத்தில் டிரையர், சுமார் 100 டிகிரிக் காற்றோடு. கதவைத் திறந்தால் வெளியே பனிமூட்டம். டீ மேக்கர் ஒரு ஷிஃப்டில் இந்த மூன்று பருவநிலைக்கும் நடுவே எத்தனை முறை நடக்கிறார் என்பதற்குக் கணக்கில்லை. சாதாரண வாட்ச் இங்கே ஒரு மழைக்காலம் தாண்டுவது அபூர்வம்.

திருப்பு வளையத்துக்கும் இங்கே அர்த்தம் வருகிறது. சி.டி.சி. தூளுக்கு நொதித்தல் ஏறக்குறைய ஒரு மணி நேரம், குளிரைப் பொறுத்துக் கூடும் குறையும். வளையத்தின் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பிவிட்டால் எவ்வளவு நேரம் ஆனது என்று மனக்கணக்கு வேண்டாம். அனுபவசாலி மூக்கால் முடிவெடுப்பார்; வளையம் மூக்குக்குச் சாட்சி. வளையம் ஒரு பக்கம் மட்டுமே சுற்றும்படி செய்திருப்பது மூழ்குபவரின் உயிருக்காக: எங்காவது இடித்துத் தவறித் திரும்பினாலும், ஆன நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. அதனால் அவர் சீக்கிரமே மேலே வந்துவிடுவார். டீத்தூளுக்கு அந்தப் பக்கச்சார்பு உதவுமா என்றால், நொதித்தல் மிஞ்சிப் போவதைவிடக் கொஞ்சம் முந்துவது மேல் என்று நினைக்கும் ஃபேக்டரிகளில் உதவும்.

குன்னூரில் ஏலத்துக்கு முன் தேயிலையை ருசி பார்ப்பவர்களுக்கும் நிமிடம் முக்கியம். இதற்கும் ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 3103. நூறு மில்லிலிட்டருக்கு 2 கிராம் தூள், கொதித்த தண்ணீர், 6 நிமிடம். இதற்கு மூலமான பிரிட்டிஷ் தரத்துக்கு 1999-ல் இக் நோபல் என்ற நையாண்டிப் பரிசு கொடுத்தார்கள். டீ போட ஆறு பக்கமா என்ற கிண்டல்தான். கிண்டல் செய்தவர்கள் குன்னூருக்கு வந்ததில்லை போலும். 1,850 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் 93 பக்கம். கொதித்த தண்ணீர் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டாலும் கொச்சியில் ஊற்றுவதும் குன்னூரில் ஊற்றுவதும் ஒரே சூடு கிடையாது. நேரத்தையாவது ஒன்றாக வைத்தால்தான் ஒப்பிட முடியும். இதே காரணத்தால் ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் அழிச்சாட்டியம் செய்யும்; குக்கர் வைத்தால் அங்கேயும் ஒரு வளையம் திருப்பலாம்.

வாட்ச் நேரம் சரியாகக் காட்டுமா என்பது குளிர் தேசத்தில் நியாயமான கேள்வி. செல்லில் ஓடும் வாட்சுக்குள் ஒரு சின்னக் குவார்ட்ஸ் கவட்டை விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை 25 டிகிரிக்கு ஏற்றபடி வெட்டியிருப்பார்கள். அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் அதிர்வு குறையும், அதாவது இரண்டு பக்கமும் வாட்ச் பின்தங்கும். 10 டிகிரியில் தொடர்ந்து கிடந்தால் மாதம் சுமார் 20 விநாடி. கையில் கட்டியிருந்தால் உடம்புச் சூடு அதைக் காப்பாற்றுகிறது. அலங்காரத்துக்கு வாங்கி ஊட்டி வீட்டு மேஜையில் வைத்திருப்பவரின் வாட்ச், அழுக்கு படியக் கட்டித் திரிபவரின் வாட்சைவிடப் பின்தங்கும். கட்டுவதற்காகச் செய்த பொருளைக் கட்டத்தான் வேண்டும்.

விலை உயர்ந்த சில டைவ் வாட்சுகளின் விலாவில் ஒரு குட்டி வால்வு இருக்கும். ஹீலியம் வெளியேறும் துளை. கடலடியில் நாள்கணக்கில் அழுத்த அறையில் தங்கி வேலை செய்பவர்கள் ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஹீலியம் அணு அவ்வளவு சிறியது, வாஷரைத் தாண்டி வாட்சுக்குள் புகுந்துவிடும். அழுத்தத்தைக் குறைக்கும்போது வெளியே வர நேரமில்லாமல் கண்ணாடியைத் தள்ளிப் பிய்த்துவிடும். அதற்காக 1967-ல் ரோலெக்ஸ் சீ-ட்வெல்லர் இந்த வால்வோடு வந்தது. மலையேறும் வாட்சுக்குள்ளும் உள் அழுத்தம் வெளி அழுத்தத்தைவிட அதிகம்தான், ஆனால் ஊட்டியின் ஐந்தில் ஒரு பங்கு வளிமண்டல வித்தியாசத்துக்கு எந்தக் கண்ணாடியும் அசையாது. வால்வுக்குக் கொடுக்கும் காசு வீண்.

கடைசியாக ஒரு விஷயம், டைவ் வாட்சை அதன் சொந்த வேலைக்கே பயன்படுத்தும் சிலருக்கு. புதுச்சேரியிலோ வேறு கடற்கரையிலோ சிலிண்டர் கட்டி மூழ்கப் பழகும் இளைஞர்கள் இப்போது தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் திசுவிலும் கரைகிறது. மேலே வந்தபின் மணிக்கணக்கில் மெல்ல வெளியேறுகிறது. அது வெளியேறி முடிவதற்குள் வெளி அழுத்தம் இன்னும் குறைந்தால் குமிழியாகிவிடும். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை கொண்டுபோகும். அதனால்தான் மூழ்கியவுடன் விமானம் ஏறக்கூடாது என்கிறார்கள். ஒரே ஒரு சாதாரண மூழ்கலுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்டால் 18 மணி நேரம்.

விமானத்துக்குள் என்ன அழுத்தம் இருக்கும்? அதிகபட்சமாக 2,438 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் வரை போகலாம் என்பது விதி. ஊட்டி 2,240. தொட்டபெட்டா உச்சி 2,637, விமானத்தையே மிஞ்சிவிட்டது. கடலில் மூழ்கிவிட்டு அன்றிரவே காரில் ஊட்டிக்கு ஏறுவது, நைட்ரஜனின் கணக்கில், விமானம் ஏறுவதேதான். டிக்கெட் இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதுதான் வித்தியாசம்.

இதை எண்ண 60 நிமிட வளையம் போதாது. மூழ்குபவர்கள் கட்டும் டைவ் கம்ப்யூட்டர், விமானம் ஏறக் காத்திருக்க வேண்டிய நேரத்தைக் காட்டும். ஊட்டிப் பயணத்துக்கும் அதே எண்தான். முள் வாட்ச் கட்டியவர் கரையேறிய மணியைக் குறித்துவைத்துக்கொண்டால் போதும். இரண்டு முறை மூழ்கி மதியம் 1 மணிக்குக் கரையேறியவர் மறுநாள் காலை 7 மணிக்கு முன் மலையடிவாரத்துக் கல்லாறைத் தாண்டக்கூடாது. இரவு கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ தங்கிக்கொள்ளலாம். இரண்டும் இந்த விதி தொடங்கும் 600 மீட்டருக்குக் கீழே. தாண்டிவிட்டு, மேலே போனபின் தோள்பட்டையோ முழங்காலோ வலித்தால், கை கால் மரத்துப்போனால், மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது நேற்று கடலில் மூழ்கியதை. சொல்லாவிட்டால் ஊட்டியில் மூட்டுவலிக்கு எல்லோரும் குளிரைத்தான் காரணம் காட்டுவார்கள்.